மாஸ்டரின் மூன்று இன்ச்

ஊரில் இருப்பவர்களின் பேண்ட்டுகளை எல்லாம் இருபது வருஷமாகக் குட்டையாக்கிக் கொடுத்த மனிதருக்கு, நாற்பத்து மூன்றாவது வயதில் தன் கால்களை நெட்டையாக்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால், அதற்கு யார் என்ன செய்ய முடியும்? சொல்லிப் பார்த்தார்கள். மச்சினன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். அறுவை சிகிச்சை செய்யப்போகிற டாக்டரே சொன்னார். மாஸ்டர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, சாவி செய்கிறவர் கடைக்கும் பல் டாக்டர் வீட்டு மாடிப்படிக்கும் நடுவில் எட்டுக்குப் பத்தில் ஒரு இடுக்கு இருக்கிறதே, அதுதான் கடை. ரெடிமேட் பேண்ட் வாங்கிவிட்டு, நீளம் அதிகம் என்று வீட்டுக்குப் போய்க் கண்டுபிடிக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் வந்து நிற்பார்கள். மாஸ்டர் அவர்கள் காலடியில் மண்டியிட்டு, வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, ஓரத்தை மடித்து சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். மேசையில் வைத்து ஒரே வெட்டு. மனைவி தையல் மெஷினில் மடித்து அடிப்பாள். அவளுடைய தம்பி ஓவர்லாக் மெஷினில் ஓரம் பிரியாமல் அடிப்பான். மெஷின் நின்றாலும் அவன் வாய் நிற்காது.

கட்டிங் மேசை, கடையில் முன்பு இருந்தவர் விட்டுப்போனது. அவர் ஆள் வாட்டசாட்டம். மேசை மாஸ்டருக்கு மார்பு வரை வந்தது. அதனால் மூன்று இன்ச் கனத்தில் ஒரு பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் வெட்டுவார். வாடிக்கையாளர்கள் அந்தப் பலகையைப் பார்ப்பதும், பார்க்காத மாதிரி மேலே மின்விசிறியைப் பார்ப்பதும் அவருக்குத் தெரியும். பலகைக்குமேலே சுவரில் கல்யாணப் போட்டோ. அதில் மாஸ்டர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் மனைவி, அவரைவிடக் கொஞ்சம் உயரமாக.

அந்தக் 'கொஞ்சம்'தான் மனிதரை இருபது வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது.

வெளியே போனால் அவர் நடைபாதையில் நடப்பார், அவள் கீழே இறங்கி ரோட்டில் நடப்பாள். அவர் ஏறச் சொன்னதும் இல்லை, அவள் இறங்கினதற்குக் காரணம் சொன்னதும் இல்லை. கல்யாணமான மறுவாரமே அப்படி ஆரம்பித்தது. பஸ்காரன் ஹாரன் அடிப்பான், சைக்கிள்காரன் திட்டுவான், அவள் பாட்டுக்கு சாக்கடை மூடிகளைத் தாண்டித் தாண்டிப் போவாள். இந்தக் குள்ளனோடு சமதரையில் நடக்க அவளுக்கு வெட்கம் என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். ஒரே ஒருநாள், ஒரே ஒரு தெருவில், சமதரையில், தோளோடு தோளாக அவளோடு நடந்துவிட வேண்டும். அதற்குமேல் வாழ்க்கையில் அவர் எதையும் கேட்கவில்லை.

எத்தனை இன்ச் தேவை என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அளந்தார். அதிலும் தொழில் முறைப்படி. டேப்பைக் கையில் எடுத்தாலே மனிதர்கள் பொய்யாக நிற்பார்கள் என்பது அவர் அனுபவம். தொப்பையை உள்ளே இழுப்பார்கள், குதிகாலைத் தூக்குவார்கள், ராணுவத்தில் சேர வந்த மாதிரி விறைப்பார்கள். அதனால் முதலில் டேப் வைத்து ஒப்புக்கு ஒரு அளவு எடுப்பார். பிறகு பேச்சுக் கொடுத்து, ஆள் அசந்த நேரத்தில் இன்னொரு அளவு. "தெரியாம எடுக்கிற அளவுதான் நிஜ அளவு" என்பார். இருபது வருஷத்தில் ஒரு பேண்ட்கூடத் திரும்பி வந்ததில்லை.

அப்படித்தான் ஒருநாள் சமையலறை வாசலில் நின்று மனைவி டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து, அவள் உச்சந்தலை நிலைக்கட்டையில் எங்கே வருகிறது என்று கண்ணாலேயே குறித்துக்கொண்டார். அவள் போனதும் அங்கே ஒரு பென்சில் கோடு. தன் உச்சந்தலைக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே டேப் வைத்தார். மூன்று இன்ச். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டாக்டர் மாஸ்டரைவிடக் குள்ளம். மேசைக்குப் பின்னால் அவர் எழுந்து நின்றபோது, இன்னும் எழுந்திருக்கவில்லை என்றே மாஸ்டர் நினைத்தார்.

"முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பையும் வெட்டுவோம். வெளியே சட்டம் மாட்டுவோம். ஒருநாளைக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்கணும். அந்த இடைவெளியில புது எலும்பு வளரும். மூணு இன்ச்னா எழுபத்தாறு நாள். அப்புறம் எலும்பு கெட்டியாக மாசக்கணக்கா ஆகும். நல்லா வலிக்கும். தேவையா?"

"நீங்க ஏன் டாக்டர் இதைச் செஞ்சுக்கல?"

"எனக்கென்ன பைத்தியமா?" என்றார் டாக்டர்.

வீட்டில் சொன்னபோது மச்சினன் குதித்தான். மனைவி குதிக்கவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "நிஜமாவா? அவ்வளவு வலியையும் தாங்கிக்குவீங்களா?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர். பார், என் உயரம் என்றதும் இவளுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது என்று மாஸ்டர் மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

ஆயிற்று. இரண்டு காலிலும் வளையங்களும் கம்பிகளும் திருகுகளுமாக, யாரோ சைக்கிள் செய்ய ஆரம்பித்துப் பாதியில் விட்டுப்போன மாதிரி மாஸ்டர் வீடு வந்து சேர்ந்தார். ஒருநாளைக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால்வாசிச் சுற்று, சின்ன ஸ்பேனரால் திருக வேண்டும். கட்டில் சுவரோரம் இருந்தது. வலது காலை மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து திருகினாள். சுவர்ப் பக்கத்து இடது காலுக்கு மச்சினன் கட்டிலில் ஏறி, மாஸ்டரைத் தாண்டி, சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார வேண்டியிருந்தது. எலும்பு நீளச் சம்மதித்துவிட்டது. நரம்புக்கும் சதைக்கும்தான் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தொடை வரை இழுத்துப் பிடித்தது. மாஸ்டர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

கடையில் கேட்பவர்களிடம், மாஸ்டர் மாடிப்படியில் விழுந்துவிட்டார் என்று சொல்லியிருந்தார்கள்.

"ரெண்டு காலும் ஒரே இடத்துலயா ஒடஞ்சுது?" என்று பல் டாக்டர் கேட்டாராம்.

"அவர் எதையும் சமமாத்தான் செய்வாரு சார்" என்றானாம் மச்சினன்.

மாஸ்டர் ஒரு சபதம் எடுத்திருந்தார். மூன்று இன்ச்சும் வந்து, சட்டமும் கழலும் வரை மனைவி முன்னால் எழுந்து நிற்பதில்லை. ஆஸ்பத்திரியில் கம்பியைப் பிடித்து நின்று நடக்கப் பழக்குவார்கள். அங்கே மச்சினனோடு மட்டும் போவார். வீட்டில் படுக்கை, இல்லாவிட்டால் சக்கர நாற்காலி. படிப்படியாக வளர்வது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரே வெட்டு, ஒரே தையல் என்று வேலை செய்து பழகிய மனிதர்.

படுத்துக்கிடக்கிறவனுக்குக் கண் சும்மா இருக்காது. மாஸ்டருக்கு இரண்டு மூன்று விஷயங்கள் விசித்திரமாகப் பட்டன. முதலாவது, தைலம். மனைவிக்கு வருஷக்கணக்காக முதுகு வலி. சாயந்தரமானால் வீடே தைலம் மணக்கும். இப்போது கடையையும் பார்த்து, சமைத்து, அவரைத் தூக்கி உட்கார வைத்து, நான்கு வேளை திருகு திருகி, வேலை இரண்டு மடங்கு. ஆனால் தைல வாசனையே இல்லை. பாட்டில் அலமாரியில் தூசி பிடித்து நின்றது.

இரண்டாவது, விளக்கு. கூடத்தில் இருபது வருஷமாக ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிற விளக்கில் ஒருநாள் மனைவி படாரென்று தலையை இடித்துக்கொண்டாள்.

"கண்ணு எங்க இருக்கு? நேத்தா மாட்டினோம் அதை?"

"மறந்துட்டேங்க" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

மூன்றாவதுதான் அவர் தொழிலைத் தொட்டது. மனைவி எப்போதும் பாதம் வரை இறங்கும் நீளமான உடைதான் போடுவாள், அவளே தைத்துக்கொள்வாள். கட்டிலில் படுத்திருந்தவரின் கண்ணுக்கு நேராக அந்த ஓரம் போய் வந்துகொண்டிருந்தது. அது தரையிலிருந்து மூன்று இன்ச் மேலே நின்றது. ஒன்று இல்லை, எல்லா உடையும். கணுக்கால் பளிச்சென்று தெரிந்தது.

"மச்சான், இங்க வா. உங்க அக்கா டிரெஸ்ஸைப் பாரு. எல்லாம் ஒரே மாதிரி ஏறிக் கிடக்கு."

மச்சினன் குனிந்து பார்த்தான். பிறகு ரொம்பப் பெரிய விஷயம் கண்டுபிடித்தவன்போல் நிமிர்ந்தான். "சுருங்கிடுச்சு மாமா. இந்த வீட்டுத் தண்ணி சரியில்ல. போன மாசம் புதுசா பம்பு போட்டாங்கல்ல? அப்பவே நெனச்சேன்."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். மாஸ்டரையும் பார்த்தாள், தம்பியையும் பார்த்தாள். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் டாக்டர், காலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்று அனுமதி கொடுத்தார். மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் மாஸ்டரை உட்கார வைத்து, இரண்டு காலையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மச்சினன் கதவோரம் நின்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தான். கவலைக்குக் காரணம் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து, எக்ஸ்ரே எடுத்தபோது தெரிந்தது.

அன்று நடைப்பயிற்சி இல்லாததால் மனைவியும் கூட வந்திருந்தாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இறக்கினார். மறுபடியும் பிடித்தார். "வலது கால் நாற்பத்திரண்டு மில்லி வளர்ந்திருக்கு. சரி. இடது கால் எப்படி நாற்பத்தஞ்சரை?"

 மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான்தான் டாக்டர் கொஞ்சம் கூட விட்டேன். தினமும் ஒரு திருகு."

"கூட விட்டியா? எதுக்கு?"

"சுருக்கத்துக்கு."

"என்ன சுருக்கம்?"

"முதல் தண்ணியில சுருங்கும்ல டாக்டர். நாங்க எதைத் தைச்சாலும் சுருக்கத்துக்கு விட்டுத்தான் தைப்போம். அதுவும் அந்த வீட்டுத் தண்ணி ரொம்ப மோசம். அக்கா டிரெஸ் எல்லாம் மூணு இன்ச் ஏறிடுச்சு. மாமாவே பாத்தாரு, கேளுங்க."

"எலும்பு என்ன பருத்தியா?" என்று டாக்டர் கத்தினார். கத்தும்போது குதிகாலில் எழும்பினார்.

"என்ன துணின்னு தெரியாதப்ப பருத்தின்னே வச்சுக்கணும் டாக்டர். அதுதான் பாதுகாப்பு" என்றான் மச்சினன் பணிவாக.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பிறகு இடது காலை மூன்றரை நாள் சும்மா விடும்படியும், வலது கால் அதை எட்டிப் பிடித்ததும் சேர்த்துத் திருகும்படியும், இந்த ஆளின் கையில் இனி ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார். மாஸ்டருக்கு மச்சினனை அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது. அதே சமயம், தண்ணீரைப் பற்றிய சந்தேகம் அவருக்கே முழுசாகப் போகவில்லை. "அப்ப டிரெஸ் எப்படி ஏறுச்சு?" என்று மனைவியிடம் கேட்டார்.

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "போதுங்க, எல்லார் முன்னாலயும் எதுக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீடு வரும் வரை ஒரு கை அவர் தோளில் இருந்தது. எதற்கு என்று மாஸ்டருக்கு விளங்கவில்லை. இன்னும் குள்ளமாகத்தானே இருக்கிறார், அந்தப் பரிதாபமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

எழுபத்தாறு நாளும் முடிந்தது. பிறகு எலும்பு கெட்டிப்படுகிற வரை மாதங்கள். பிள்ளைத்தாய்ச்சி மாதிரி ஒன்பதாவது மாதத்தில் சட்டங்களைக் கழற்றினார்கள். கழற்றிய மறுநாள் காலை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஊன்றுகோலை அக்குளில் கொடுத்து, மாஸ்டர் மனைவியைக் கூப்பிட்டார். நிலைக்கண்ணாடி முன்னால் வந்து நிற்கச் சொன்னார். எழுந்தார்.

கண்ணாடியில் இரண்டு தலைகள். ஒரே மட்டம். அவர் டேப்பை எடுக்கவில்லை, தேவையே இல்லை. மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. மாஸ்டர் வெட்கமே இல்லாமல் அழுதார்.

"சமமா இருக்கோம்" என்றார்.

"ஆமாங்க" என்றாள் மனைவி. அவளும் அழுதாள். அவள் உடையின் ஓரம் பாதத்தைத் தொட்டுக்கொண்டு ஒழுங்காக நின்றது. தண்ணீர் சரியாகிவிட்டது போல என்று மாஸ்டர் நினைத்தார். அன்று சாயந்தரம் வீட்டில் தைலம் மணத்தது. அதையும் அவர் கவனித்தார், ஒன்பது மாத உழைப்பு இப்போதுதான் அவளுக்கு வலிக்கிறது போலும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து கடைக்குப் புறப்பட்டார். நடந்தேதான் வருவேன் என்றார். தெருமுனைக்கு வந்ததும் அவர் நடைபாதையில் ஏற, மனைவி பழக்கத்தில் ரோட்டில் இறங்கினாள்.

"மேல வா" என்றார் மாஸ்டர்.

"நான் இங்கயே வரேங்க."

"மேல வான்னு சொல்றேன்ல!"

வந்தாள். நடந்தார்கள். ஊன்றுகோல் டக் டக்கென்று கேட்க, தோளோடு தோளாக, சமதரையில், நாற்பது கடைகளைத் தாண்டி. சாவிக்காரர் சாவியை ராவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பல் டாக்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். தன் ஆயுசில் இதைவிட நல்ல காலை இனி வரப்போவதில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றியது. கடைக்குள் நுழைந்து, மூலையில் கிடந்த பலகையை ஊன்றுகோலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, வெறும் தரையில் நின்று மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். முன்பு பலகைமேல் நின்றால் எங்கே வருமோ, மேசை அங்கேயே வந்தது.

"மச்சான், இந்தப் பலகைய ஒடச்சு அடுப்புல போடு."

மனைவி தையல் மெஷினுக்குப் போகாமல் கடை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறி, வியர்த்திருந்தது.

"உங்களுக்குத் திருப்திதானே?" என்று கேட்டாள்.

"ரொம்ப."

"அப்ப நான் நிமிரலாமா?"

"என்னது?"

"நிமிரலாமான்னு கேட்டேன். நீங்களா சொல்வீங்கன்னு பத்து நாளா பாத்துட்டு இருக்கேன். முடியலங்க, முதுகு விட்டுப் போச்சு."

ஏதோ விளையாட்டு என்று மாஸ்டர் நினைத்தார். "நிமிரேன், யாரு வேணாம்னது?" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். முதலில் உடைக்குள் மடங்கியிருந்த முழங்கால்கள் நேராயின. பிறகு முதுகு. எலும்பு ஒவ்வொன்றாக நெட்டி முறிவது ஓவர்லாக் மெஷின் வரை கேட்டது. பிறகு தோள், கடைசியில் உள்ளே இழுத்து வைத்திருந்த கழுத்து. "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு. மாஸ்டரின் கண் தொழில் வழக்கப்படி கீழேதான் போனது. அந்த ஓரம் தரையை விட்டுக் கிளம்பி, பாதத்தைக் காட்டி, கணுக்காலைக் காட்டி நின்றது. மூன்று இன்ச். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்ணை மேலே கொண்டுபோனார். கொண்டுபோய்க்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

"அக்கா!" என்றான் மச்சினன். "சின்ன வயசுல நீ இவ்வளவு உசரமாத்தான் இருந்த! நான் வளந்ததால நீ சின்னதா தெரியறேன்னுல்ல நெனச்சேன்! இந்த ஒம்பது மாசமா நீ திரும்ப வளர்றியோன்னு ஒரு சந்தேகம் வேற!"

அவள் சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். "போட்டோக்காரர் 'கொஞ்சம் தணிஞ்சு நில்லும்மா'ன்னாரு. தணிஞ்சேன். நீங்க அன்னிக்குத்தான் முதல்தடவையா வாய் விட்டுச் சிரிச்சீங்க. அப்புறம் நிமிர மனசு வரல. ரோட்டுல இறங்கி நடந்தா மட்டும் கொஞ்சம் முதுகை நீட்டிக்குவேன்."

நடைபாதை விளிம்பு ஆறு இன்ச் உயரம். மூன்று இன்ச் குள்ளமான ஆள் அதில் ஏறி நடந்தால் பெண்டாட்டியைவிட மூன்று இன்ச் நெட்டையாகத் தெரிந்திருக்க வேண்டும். இருபது வருஷமாக அவர்கள் தலைகள் ஒரே மட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. இந்தச் சின்னக் கணக்கை அவர் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லையே. ஊரில் எல்லோரையும் தெரியாமல் அளந்தவர், வீட்டில் ஒருத்தி அவர் கண் படுகிற நேரமெல்லாம் பொய்யாக நின்றதைக் கண்டுபிடிக்கவில்லையே.

"நீங்க வாயத் திறந்து சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.  "ஆபரேஷன்னு சொன்ன அன்னிக்கே புரிஞ்சுக்கிட்டேன். தினம் நான் தைலம் தேய்க்கறதப் பாத்துப் பாத்துத்தானே? துணி சுருங்கிடுச்சுன்னு தம்பி சொன்னப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்ததும் எனக்காகத்தானே? என் முதுகுக்காகத்தானே இவ்வளவு வலியையும் பட்டீங்க?"

மாஸ்டரை  வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையணையைக் கடித்துக் கிடந்த நாட்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அதில் ஒருநாளாவது, ஒரு மில்லிமீட்டராவது அவளுக்காக என்று நினைத்திருந்தால்கூட இப்போது தலைநிமிர்ந்து பதில் சொல்லியிருப்பார்.

"பின்ன?" என்றார்.  "வேற எதுக்காம்?"

அவள் சிரித்தாள். இருபது வருஷத்தில் அந்த உயரத்திலிருந்து அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. நன்றாக இருந்தது. இத்தனை நாள் பார்க்காமல் போனோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"மச்சான்" என்றார் மாஸ்டர். "அந்தப் பலகைய எடுத்து இங்க போடு."

மச்சினன் போட்டான். மாஸ்டர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் ஏறி, மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். ஒரே மட்டம். அவள் அவரைப் பார்த்தாள். பார்த்ததும் பழக்கதோஷம், முழங்கால் தானாக மடங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை மாஸ்டர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓரம் எறங்குது" என்றார். "நிமிரு."

ஓரம் மேலே ஏறியது.